கால்வாயில் நின்ற கல்யாணப் படகு

விதவை மறுபடி கல்யாணம் செய்துகொள்வதை எங்கள் பஸ்ராவில் யாரும் தடுப்பதில்லை. சத்தமில்லாமல் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்த பிறகு, கறுப்பு அபாயாவைப் போர்த்திக்கொண்டு, பின்சந்து வழியாக வாடகைக் காரில் புருஷன் வீடு போய்ச் சேர வேண்டும். கொட்டு கூடாது, குலவை கூடாது. கன்னிப்பெண் என்றால் மட்டும் அஷார் கால்வாயில் படகேறி, ஊரே கரையில் நின்று பார்க்கப் போவாள். எந்த மகராசன் இந்தச் சட்டத்தைப் போட்டானோ, அவன் கையில் கிடைத்தால் என் செருப்புதான் பேசும்.

ரஸ்மியா என் பக்கத்து வீட்டுக்காரி. முதல் புருஷன் செத்ததிலிருந்து அவன் அண்ணன் ஹாஜி மிஜ்பில் வீட்டில் பாத்திரம் தேய்த்தே கை காய்ந்தவள். ஆற்றுக்கு அக்கரையில், தன்னூமாவில், தண்ணீர் பம்பு ரிப்பேர் பார்க்கும் மன்ஷத் அவளைக் கேட்டு வந்தான். நிக்காஹ் முடிந்தது. இனி அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் பாக்கி.

"இருட்டினதும் அனுப்பிடறேன்" என்றார் ஹாஜி.

"பகல்லதான் போவேன் ஹாஜியாரே. படகுலதான் போவேன்."

"பாக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். கல்யாணத்துல அழுதாத்தான் தப்பு."

வியாழக்கிழமை காலையில் படகுக்காரர் ஷனாவா படித்துறையில் படகைக் கட்டிவிட்டு எங்களை எச்சரித்தார்: "கடைவீதியில வாயடிச்சிட்டு நிக்காதீங்க. கடல் உள்வாங்கி ஆத்துல வத்தம் ஆரம்பிச்சிட்டா கால்வாய்ல சேறுதான் மிஞ்சும்."

மணப்பெண் படகிலிருந்து கரைக்கு எறிய மிட்டாய் வேண்டுமே. அதற்குத்தான் கடைவீதிக்குப் போனோம். மிட்டாய்க்கடைக்காரன் ரஸ்மியாவின் முகத்தைப் பார்க்காமலே, "பாதாம் மிட்டாய் தீந்துபோச்சு" என்றான்.

"உன் முன்னால குவிச்சு வெச்சிருக்கியே, அது என்ன, கூழாங்கல்லா?" என்றேன்.

"அது வேற ஆளுக்கு."

அடுத்த கடையிலும் தீர்ந்துபோயிருந்தது. அதற்கடுத்த கடையிலும். கொட்டு அடிப்பவனுக்குத் திடீரென்று கைச்சுளுக்கு. ஹாஜி முந்தின நாளே வீதி முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார் என்பது புரிய எனக்கு வெகுநேரம் ஆகவில்லை. நான் ஒவ்வொரு கடையிலும் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

கடைசியில், தரையில் வரிசையாக உட்கார்ந்து எருமைப்பாலாடை விற்கும் பெண்களில் ஒருத்தி எங்களைக் கூப்பிட்டாள். "பஸ்ராவுல பொறந்துட்டு எவளாவது மிட்டாய்க்கு அழுவாளா? இந்தா, எறி" என்று ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தைத் தூக்கி ரஸ்மியாவின் இடுப்பில் வைத்தாள். காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டாள்.

படித்துறையில் ரஸ்மியா அபாயாவைக் கழற்றி என் தோளில் போட்டாள். உள்ளே நான் தைத்துக்கொடுத்த சிவப்பு உடுப்பு. வெயிலில் கண் கூசியது. கரையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள்.

இருவரும் படகேறினோம், ஆனால் நேரம் போய்விட்டிருந்தது. தண்ணீர் ஆற்றுப்பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது. ஷனாவா கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளினார். பாலத்தைத் தாண்டியதும் படகு அடிதட்டி நின்றது. நின்ற இடம் எது தெரியுமா? ஹாஜி மிஜ்பிலின் காபிக்கடைக்கு நேர் எதிரே. மாடியில் அவர் வீடு. கடை நிறைய ஆண்கள்.

ஹாஜி வெளியே வந்தார். "தண்ணியே உன்ன வேணாங்குது பாரு. எறங்கு, கார் சொல்றேன்."

"தண்ணி போனா வரும் ஹாஜியாரே. எனக்கு அவசரமில்ல."

இத்தனை பேர் பார்க்கிறார்களே, பெரிய மனுஷனாகக் காட்டிக்கொள்ள வேண்டாமா? "மிஜ்பில் வாசலுக்கு வந்தவங்க வறண்ட நாக்கோட போகக் கூடாது" என்று உரக்கச் சொல்லி, கரையிலிருந்து படகுக்குப் பலகை போட்டு, கடைப்பையனிடம் ஒரு கோப்பை கசப்புக்காபி கொடுத்தனுப்பினார். அங்கேதான் கோட்டை விட்டார்.

ரஸ்மியா வாங்கினாள். வாயருகே கொண்டுபோகாமல், படகின் குறுக்குப்பலகையில் வைத்துவிட்டாள்.

கடையில் இருந்த அத்தனை முகமும் கோப்பைப் பக்கம் திரும்பியது. பெண் கேட்க வருகிறவர்களும் ரத்தப்பகைக்குச் சமாதானம் பேச வருகிறவர்களும் அப்படித்தான் கோப்பையை வைப்பார்கள். நான் கேட்பதைக் கொடு, பிறகு குடிக்கிறேன் என்று அர்த்தம். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்காரன் மானம் காற்றில் போகும். ஆண்கள் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் வைத்து அன்றுதான் பார்த்தேன்.

ஹாஜிக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. "என்ன வேணும்?"

"குலவை. உங்க வீட்டுலேர்ந்து ஒரே ஒரு குலவை."

"விதவைக்கா? நடக்காது."

"அப்ப காபி ஆறட்டும்."

ஆறியது. வெயில் உச்சிக்கு ஏறியது. ஒருத்தனும் கடையை விட்டு எழவில்லை. "போடச் சொல்லித் தொலைங்களேன் ஹாஜி" என்று மூலையிலிருந்து ஒரு குரல். எனக்குப் பொறுக்கவில்லை, நானே குலவையிட வாயைத் திறந்தேன். ரஸ்மியா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள்.

"நீ சும்மா இருடி பத்ரியா. நான் பாத்திரம் தேச்ச வீட்டுலேர்ந்து வரணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மதியம் தாண்டி, மெல்ல ஆற்றில் ஏற்றம் வந்தது. சேறு மறைந்தது, படகு அசைந்தது. "எழும்பிடுச்சும்மா, கெளம்பலாம்" என்றார் ஷனாவா.

"கம்ப ஊனிப் பிடிங்க. கோப்ப அப்படியே இருக்கு."

"அதான் தண்ணி வந்திடுச்சே, போயேன்!" ஹாஜி கத்தினார். குரல் உடைந்துவிட்டது.

"எப்படிப் போறது? உங்க காபிய என்ன பண்ண?"

அப்போது மாடியில் மரஜன்னல் கிரீச்சென்றது. தெருவுக்கு முகம் காட்டியே அறியாத ஹாஜியின் மனைவி ஃபளீலா பாதி உடம்பை வெளியே நீட்டினாள். நாக்கைச் சுழற்றி அவள் போட்ட குலவை பாலத்தைத் தாண்டிப் போனது. மூச்சு வாங்கி இன்னொன்று போட்டாள். பிறகு வேடிக்கை பார்க்கக் கரைக்கு வந்திருந்த பாலாடைக்காரிகள், பிறகு நான், பிறகு யார் யாரோ. ஹாஜி அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

ரஸ்மியா கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். போதும் என்பதற்கு அதை லேசாக ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆறிப்போச்சு ஹாஜியாரே. ஆனா இத்தன வருஷத்துல உங்க வீட்டுல இவ்வளவு ருசியா நான் எதையும் குடிச்சதில்ல."

படகு நகர்ந்தது. முதல் பிடிப் பேரீச்சம்பழத்தை அவள் மேலே, அந்த ஜன்னலுக்குத்தான் எறிந்தாள்.