இந்த சீசன் எல்லாக் கதையிலும் கண்

முதலில் லாரி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் தொடர், ஒரு வரிசை இறங்குகிறது. இறங்குகிற ஒவ்வொரு வரிசையிலும் ஏதாவது ஒரு கதையில் ஒரு லாரி வந்து ஒரு ஆபீஸ் பையனை அடித்துத் தூக்குகிறது. அவன் செத்து வேறு உலகத்தில் ராஜாவாகவோ மந்திரவாதியாகவோ பிறந்து சுகமாக இருக்கிறான். சரி, லாரி ஓட்டினவன் கதி என்ன? வண்டியைப் பிடித்து வைத்தார்களா, லைசென்ஸ் போனதா, வீட்டில் அடுப்பு எரிகிறதா? இதுவரை ஒருத்தனும் காட்டவில்லை. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன், லாரிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவன். இதற்குப் பதில் வருகிற வரைக்கும் அந்த ரகக் கதைக்கு நான் மார்க் போடப்போவதில்லை. இந்த சீசனில் செத்தவன் ஒரு தராசாகப் பிறந்திருக்கிறான். கடையில் வைக்கிற தராசு. அவன் மூஞ்சிக்கு அது போதும்.

வாள் கதை தேவலை. மலைமேல் ஒரு கிழட்டு வாத்தியார், அவரிடம் வித்தை படிக்கிற நாலைந்து பேர். அதில் சின்னவன் துரோகம் பண்ணுவான் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். நடையே சரியில்லை. ஒரு குறை, குதித்து மேலே போனவன் கீழே இறங்குவதற்குள் தன் சின்ன வயதுக் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கிறான். எங்கள் யார்டில் ஒரு பெட்டியை அவ்வளவு நேரம் தொங்கவிட்டிருந்தால் சூப்பர்வைசர் ஏணி ஏறி வந்து என்னய்யா தூக்கமா என்று கேட்டிருப்பார்.

என் கணக்கில் முதல் இடம் ரொட்டிக்கடை சூனியக்காரிக்கு. அதில் ஒன்றுமே நடக்காது. காலையில் எழுந்து மாவு பிசைவாள். பூனை வரும். ரொட்டி உப்பும். இதற்குப் போய் முதல் இடமா என்று எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். வரட்டும்.

எதிர்வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். வீட்டு முன்னறையிலேயே பட்டறை, ஜன்னலோரம் வரிசையாகப் பற்கள் சிரித்துக்கொண்டிருக்கும். நாங்கள் அவரை பல்செட் என்றே கூப்பிடுவோம், அவரும் திரும்பிப் பார்ப்பார். நாற்பது வயது, தனி ஆள், வருகிற எல்லா அனிமேயையும் விடாமல் பார்க்கிறவர். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

“மூணு எபிசோட் பாக்காம எந்தக் கதையையும் தப்பு சொல்லக் கூடாதுண்ணே. அது ஒரு மொறை.”

“பஸ் வேற பக்கம் போகுதுன்னு தெரிஞ்சா அடுத்த ஸ்டாப்ல எறங்குவியா, மூணு ஸ்டாப் போய்ப் பாப்பியா?”

“அதுவும் இதுவும் ஒண்ணாண்ணே?”

“ஒண்ணுதான். ரெண்டுலயும் உக்காந்த எடத்துல ஏமாத்துறான்.”

இனி நாங்கள் பார்க்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மகள் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும்போது டிவியில் இதையெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். பேச்சு ஜப்பான் பாஷை. கீழே தமிழில் எழுத்து ஓடும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதோடு இரண்டு கண்ணிலும் புரை. கீழே ஓடுகிற எழுத்து எனக்குப் பாலில் விழுந்த எறும்பு மாதிரி, இருக்கிறது என்று தெரியும், பிடிக்க முடியாது. அதனால் மத்தியானம் சாப்பிட்டதும் நான் படத்தைப் பார்ப்பேன், என் மனைவி எழுத்தைப் படிப்பாள்.

அவள் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் சொல்லி ரிட்டயர் ஆனவள். அவள் குரலைக் கேட்டால் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அப்படிக் குரல். வாத்தியாருக்கு ஒரு குரல், துரோகிக்கு மூக்கால் ஒரு குரல், பூனைக்குக்கூட ஒன்று வைத்திருந்தாள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் யாரையும் முழுசாக நம்புகிறவன் இல்லை. கீழே நிற்கிறவன் கொக்கி மாட்டியாச்சு என்று கை காட்டினாலும் கிரேனை விட்டு இறங்கி வந்து இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏறுகிறவன் நான்.

“அவன் இவ்வளவு நேரம் வாயைத் தெறந்து மூடுறான், நீ ‘சரி’ங்கற ஒரு வார்த்தைதான் சொல்ற,” என்பேன்.

“அவங்க பாஷை நீளங்க. நம்மளுது சுருக்கம்,” என்பாள்.

இதில் இழுத்துப் பார்க்க என்னிடம் வழி இல்லை.

கண் விஷயமாக அவள் என்னிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டினாள். டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார், ஆபரேஷன் பண்ணாவிட்டால் வலது கண் போய்விடும், இடதும் பின்னாலேயே போகும் என்று. பத்து நிமிஷ வேலை என்றார். பத்து நிமிஷத்தில் முடிகிற வேலையை எவன் ஒழுங்காகச் செய்வான்? வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மாடிப்படியில் தொங்கின மழைக்கோட்டைப் பார்த்து பல்செட் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் போன சீசன் கதையைப் பற்றிப் பேசிவிட்டேன். பதில் வராததால் கோபமும் வந்தது. இவள் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அன்றைக்குச் சிரித்தாள். மறுவாரம் கடைசிப் படி தெரியாமல் நான் உருண்டபோது சிரிக்கவில்லை.

அதோடு கண்ணைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அலுத்துவிட்டது, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த சீசன் ஆரம்பித்தது. இரண்டாவது வாரம் வாத்தியார் சீடனிடம், “கண்ணைச் சரி பண்ணிக்காதவன் கையில வாளைக் குடுக்க மாட்டேன்,” என்றார். நியாயம். மூன்றாவது வாரம் ரொட்டிக்கடைக்கு ஒரு கிழவன் வந்தான். சூனியக்காரி மாவு பிசைந்துகொண்டே, “புரைக்கு மந்திரம் கெடையாதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க,” என்றாள். அதற்கடுத்த வாரம் தராசு, ஆமாம், தராசு, தன்னை வாங்க வந்த வியாபாரியிடம், “முள்ளு தெரியாதவனுக்கு நான் எதுக்குய்யா?” என்று கேட்டது.

எனக்குப் பொறி தட்டியது. படிக்கட்டில் பல்செட்டைப் பிடித்தேன். இந்த முறை தொட்டுப் பார்த்து, ஆள்தான் என்று உறுதி செய்துகொண்டு பேசினேன்.

“இந்த சீசன் கவனிச்சியா? எல்லாக் கதையிலயும் கண்ணு.”

“கண்ணா?”

“கண்ணு, புரை, ஆபரேஷன். எவனோ கண்ணாஸ்பத்திரிக்காரன் எல்லாருக்கும் காசு குடுத்திருக்கான். வெளம்பரம். கதைக்குள்ளயே நொழைச்சுட்டான். நீ படிச்ச ஆளு, உனக்கு இது தெரியல பாரு.”

பல்செட் கையிலிருந்த மேல்வரிசைப் பல்லைத் துடைப்பதை நிறுத்தினார். “எந்த எபிசோட்லண்ணே?”

சொன்னேன். அவர் யோசித்தார்.

“அண்ணே, அந்தக் கெழவன் ரொட்டி கேக்கத்தான் வந்தான். கடன் சொல்லிட்டுப் போயிட்டான். கண்ணைப் பத்திப் பேச்சே இல்ல.”

“வாத்தியார் வாளைக் குடுக்க மாட்டேன்னாரே?”

“அவன் கோவக்காரன்னு குடுக்கல. கண்ணெல்லாம் இல்ல.” இப்போது அவர் என் முகத்தையே பார்த்தார். “உங்களுக்கு யாருண்ணே படிச்சுக் காட்டுறது?”

வீட்டுக்குள் போனேன். இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“தராசு பேசிச்சா?”

தலையைத் தூக்காமலே கேட்டாள். “எந்தத் தராசுங்க?”

“முள்ளு தெரியாதவன்னு சொன்ன தராசு.”

“பேசிச்சு. வெல என்னன்னு பேசிச்சு.” மடித்த துண்டை அடுக்கில் வைத்தாள். “மிச்சத்த நான் பேசினேன்.”

“ஒரு சீசன் பூரா என்னை ஏமாத்தியிருக்க.”

“நான் சொன்னா கேக்கல. டாக்டரம்மா சொன்னா கேக்கல. வாத்தியார் சொன்னா மட்டும் தலைய ஆட்டுனீங்க. நியாயம்னு வேற சொன்னீங்க. சரி, இவர்தான் நமக்குத் தோதான ஆளுன்னு அவர் வாயில போட்டேன். இதுல எனக்கென்ன லாபம்? தொண்டத்தண்ணி போனதுதான் மிச்சம்.”

அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது எதுதான் தெரிந்தது?

இனிமேல் அவள் படித்து நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பல்செட்டைக் கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்து படித்தார். வாத்தியார், துரோகி, பொம்பளை, பூனை எல்லாம் ஒரே குரல், பல் பிடுங்க வந்தவன் குரல். நடுநடுவே இந்தக் காட்சியை வரைந்தவர் போன வருஷம் வேறு கம்பெனியில் இருந்தார், அங்கே இதைவிட நன்றாக வரைந்தார் என்று விளக்கம் வேறு. அவர் விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேர் செத்துவிட்டார்கள். யார் என்று கேட்டால், “பொறுங்கண்ணே, அது முக்கியமில்ல,” என்றார். சாவு முக்கியமில்லாத கதையை நான் எதற்குப் பார்க்க வேண்டும்? அவரை அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரம் எழுத்தும் இல்லாமல் குரலும் இல்லாமல் படத்தை மட்டும் பார்த்தேன். வாத்தியாரும் சின்னவனும் மலைப்படியில் உட்கார்ந்து என்னவோ பேசினார்கள். ரொம்ப நேரம் பேசினார்கள். சின்னவன் எழுந்து போனான். இவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு எழுத்தைப் படித்தாள். ஒரு இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும், சொல்வது உண்மை என்று எப்படித் தெரியும்?

கடைசி எபிசோடுக்கு முன்னால் டிவியை அணைத்துவிட்டுச் சொன்னேன். “ஆபரேஷன் பண்ணிக்கிறேன். கண்ணு வந்ததும் நானே எழுத்தைப் பாக்குறேன். ஒவ்வொரு எடமா உன்னைப் புடிக்கிறேன்.”

“புடிங்க. நல்லாப் புடிங்க. நானே வண்டி கூப்புடுறேன்,” என்றாள். கூப்பிட்டும்விட்டாள், நான் சட்டை மாற்றுவதற்குள்.

டாக்டரம்மாவுக்கு ஆச்சரியம். “இத்தனை நாள் வராதவரு, இப்ப என்ன இவ்வளவு அவசரம்?”

“ஒரு ஆளு ஒழுங்காப் படிக்கிறாங்களான்னு செக் பண்ணணும்மா.”

அவர் இவளைப் பார்த்தார். இவள், தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று மைக்கில் சொல்லும்போது வைத்துக்கொள்வாளே, அந்த முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது கண் முதலில், இடது கண் பிறகு என்று முடிவாயிற்று. பத்து நிமிஷம் என்று சொன்னது பொய். பன்னிரண்டு ஆனது, வெளியே இவள் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாள். ஆனால் வலிக்கவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால், ரொட்டிக்கடைச் சுவர் வெள்ளை. சீசன் பூரா மஞ்சள் பூசின சோம்பேறிகள் என்று திட்டியிருந்தேன். வாள் கதையில் சின்னவன் தலைமுடி கத்தரிப்பூ நிறம். “இதை ஏன் நீ சொல்லல?” என்றேன். “எழுத்துல இல்லீங்களே,” என்றாள். இவள் தலை இவ்வளவு நரைத்துவிட்டதும் எனக்குத் தெரியாது. கேட்டதற்கு, படத்தைப் பாருங்க என்றாள்.

கடைசி எபிசோடுக்கு பல்செட்டும் வந்தார். இவள் மூன்று டீ போட்டாள். ரிமோட் என் கையில். ஒரு வரி வந்ததும் நிறுத்துவேன். இவள் படிப்பாள். நான் எழுத்துக்கூட்டி, விரலை நீட்டி, சரி என்பேன். அடுத்த வரி.

“அண்ணே, கதை மொத்தமே இருபது நிமிஷம்தான். நாம இன்னும் பாட்டையே தாண்டல,” என்றார் பல்செட்.

“பாட்டுக்கும் எழுத்துப் போடுறான்ல?”

“போடுறான்.”

“அப்ப செக் பண்ணணும்.”

பாட்டில் ஒரு தப்பும் இல்லை. சண்டையிலும் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி, ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் படித்தாள். வாத்தியாருக்கும் ஒரே குரல், துரோகிக்கும் ஒரே குரல், பிளாட்பாரம் மூன்றில் பஸ் நிற்கிறது என்கிற மாதிரி. எனக்கு உட்கார முடியவில்லை. கொட்டாவி வந்தது. சின்னவன் வாளை உருவுகிறான், எனக்குக் கொட்டாவி.

“என்ன இப்படிப் படிக்கிற?”

“சரியாத்தானே படிக்கிறேன்?”

“சரியாத்தான் இருக்கு.”

“அப்புறம் என்ன?”

ரிமோட்டைக் கீழே வைத்தேன். படம் தானாக ஓடியது.

சின்னவன் குத்திவிட்டான். வாத்தியார் மலைப்படியில் சாய்ந்தார். சின்னவன் வாளைப் போட்டுவிட்டு அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். வாத்தியாரின் வாய் லேசாக அசைந்தது, சத்தம் இல்லை. பாட்டும் நின்றுவிட்டது. வலது கண்ணால் நன்றாகப் பார்த்தேன். கீழே ஒரு எழுத்தும் ஓடவில்லை. வெறும் கருப்புப் பட்டைதான்.

பக்கத்து நாற்காலியிலிருந்து வாத்தியாரின் பழைய குரல் வந்தது, மூச்சு வாங்குகிற குரல்.

“தம்பி, ஒரு கண்ணு முடிஞ்சுது. இன்னொண்ணுக்குச் செவ்வாக்கெழமை வரச் சொல்லியிருக்காங்க. போறதுக்கு முன்னாடி தலைக்குக் குளிச்சுடு. அப்புறம் பத்து நாளைக்கு முடியாது.”

சின்னவன் அழுதான். கத்தரிப்பூ முடி முகத்தில் விழ, குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பல்செட் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து பார்த்தார். “அக்கா, அந்த எடத்துல எழுத்தே இல்லக்கா.”

“நடுவுல பேசாதய்யா,” என்றேன் நான். “வாத்தியார் இன்னும் முடிக்கல.”