வலது கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கையில் ஸ்குருடிரைவரும் வாயில் சீழ்க்கையுமாக மருமகன் சுகுமாறன் போர்ச்சுக்கு வந்து நின்றதைப் பார்த்ததுமே ராஜம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“எந்தக் கதவ மொதல்ல கழட்டப் போறீங்க மாப்ள?” சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“வலது கதவு அத்தே. டிரைவர் பக்கம்.”

“எடது பக்கத்தோட நிறுத்திக்கலாமே. இப்ப ராகு காலம் வேற.”

“ஞாயித்துக்கெழம ராகு காலம் சாயந்தரம் நாலரைக்கு. நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?”

சாமி விஷயத்தில் நம்பிக்கை இல்லாதவனுக்கு ஞாபகசக்திக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

மற்றபடி சுகுமாறனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியன். அதே தொழிற்சாலை கேன்டீனில்தான் ராஜம்மாவுக்கும் வேலை. சிம்பாங் ரெங்கத்திலிருந்து தினமும் இரண்டு பேரும் அவனுடைய டபுள் கேப் பிக்கப்பில் ஹைவே ஏறிப் போய் வருவார்கள். மாமியாரை முன் சீட்டில் உட்காரவைத்து, வழியில் பால் சேர்க்காத கோப்பி ஓ வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போகிற மருமகன் இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கிறான்? ஒரே ஒரு குறை, இந்த நக்கல்தான். புது வண்டிக்குப் பூஜை போட்ட அன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கவிட்டான். முன்னால் மிளகாயும் எலுமிச்சையும் கட்டப் போனபோது மட்டும், “இன்சூரன்ஸ் கட்டியாச்சு அத்தே, இது வேணாம்” என்று தடுத்துவிட்டான்.

இன்சூரன்ஸ் கட்டினால் ஆயிற்றா? அந்த வண்டி வாங்கியதற்குக் காரணமே அவன் மழையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டதுதான். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெளிறிப்போய்க் கிடந்த அந்த முகத்தை ராஜம்மாவால் மறக்க முடியவில்லை. யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கோயிலுக்குப் போனாள். பூசாரி உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு எழுதிக் கொடுத்தார். ‘வண்டிக்குள்ளயே இருக்கணும். யார் கண்ணுலயும் படக்கூடாது. பட்டா சக்தி போயிடும்’ என்று சொல்லித்தான் கொடுத்தார்.

எங்கே ஒளிப்பது? கால்மிதிக்கு அடியில் வைக்கலாமென்றால் வாரம் தவறாமல் வேக்கும் போட்டுத் தூசி உறிஞ்சுகிறவன். சீட்டுக்கு அடியில் வைக்கலாமென்றால் அங்கேயும் டார்ச் அடித்துத் துடைப்பான். ஒருநாள் பெட்ரோல் நிலையத்தில் அவன் பாத்ரூம் போன நேரம் பார்த்து, டிரைவர் கதவில் கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலிருந்த இடுக்கில், மஞ்சள் துணியில் சுற்றிய தகட்டைக் கண்ணை மூடிக் கும்பிட்டு உள்ளே போட்டுவிட்டாள். ‘டொக்’ என்று அடியில் போய் விழுந்தது. ஒன்றரை வருஷம் ஆகிறது. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. தகடு வேலை செய்யவில்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்!

அந்தக் கதவைத்தான் இப்போது பிரிக்கப்போகிறான். வேண்டாம் என்று அடித்துச் சொல்லவும் ராஜம்மாவால் முடியவில்லை, ஏனென்றால் காரியமே அவள் பெற்ற மகளுக்காக.

லோஷினி பாடுகிறவள். சமையலறையில் முணுமுணுத்தாலே பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். இந்த வருஷக் கோயில் திருவிழாவில் முதல் தடவையாக அவளுக்கென்று தனியாக அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை மேடை. நடுவில் பாழாய்ப்போன இருமல் ஒன்று வந்து மூன்று வாரம் படுத்திவிட்டுப் போனது. தேறியதும் ஒரு பாட்டைப் பாடி போனில் பதிவுசெய்து, போன வாரம் குளுவாங் போகிற வழியில் வண்டியில் போட்டுக் கேட்டாள். அம்மனை ‘தாயே’ என்று கூப்பிட்டுக் குரலைக் கீழே இறக்கி நிறுத்துகிற இடம் ஒன்று வரும். அந்த இடம் வந்ததும் ‘ர்ர்ர்ர்’ என்று, டின்னுக்குள் மாட்டிய வண்டுபோல ஒரு சத்தம். இரண்டாம் தடவை போட்டாள். மறுபடியும் சரியாக அதே இடத்தில் ‘ர்ர்ர்ர்’.

“தொண்ட போச்சு,” என்றாள் லோஷினி. போனைப் பைக்குள் போட்டு மூடினாள்.

இயர்போனில் கேட்டால் ஒன்றுமில்லையே என்று சுகுமாறன் சொல்லிப் பார்த்தான். சின்ன ஸ்பீக்கரில் தெரியாது, பெரியதில்தான் குரலின் ஓட்டை தெரியும் என்று அவள் சாதித்தாள். கோயிலிலும் பெரிய ஸ்பீக்கர்தானே கட்டுவார்கள்? ஊரே கேட்குமே! கடைசியில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான்.

“கோளாறு ஒன் தொண்டையில இல்ல லோஷி, ஸ்பீக்கர்ல. வண்டி வாங்குனப்ப போட்டுக் குடுத்தது, சும்மா காகிதம். நானே வாங்கி நானே மாத்துறேன். அப்புறம் கேட்டுட்டுச் சொல்லு.”

ஆக, போர்ச்சில் பாய் விரித்தாயிற்று. போனில் யாரோ ஒரு மேட்சாலே வெள்ளைக்காரன் கதவு கழற்றும் வீடியோ ஓடியது. ராஜம்மா தானே வலியப் போய் டார்ச் பிடிக்கும் வேலையை வாங்கிக்கொண்டாள். ஸ்குரு உருண்டு ஓடாமலிருக்க இட்லித் தட்டையும் எடுத்துவந்து நீட்டினாள். எந்த ஸ்குரு எந்த இடம் என்று குழிக்கொன்றாகப் போட்டு வைக்கலாம் என்ற யோசனை அவளுடையதுதான். பக்கத்திலேயே இருந்தால் தகடு கண்ணில் படுகிற நேரத்தில் டார்ச்சையாவது திருப்பிவிடலாம் இல்லையா?

உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்குரு ஒளிந்திருந்தது. கை வைக்கிற மேட்டுக்குள் இரண்டு. கண்ணாடி சுவிட்சைப் பெயர்த்து அதன் ஒயரைப் பிடுங்கினான். பிறகு கதவின் உள்பலகையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்ப வேண்டியிருந்தது. இரும்பால் நெம்பினால் கீறல் விழும் என்று வீடியோக்காரன் பயமுறுத்தவே, ஒட்டாத தோசைக்கல்லுக்கென்று ராஜம்மா வைத்திருந்த பிளாஸ்டிக் கரண்டி போர்ச்சுக்கு வந்து சேர்ந்தது. ‘டப்’, ‘டப்’ என்று ஒவ்வொன்றும் விடும்போது அவள் நெஞ்சும் கூடவே ‘டப்’ என்றது.

“அலமாக், ஒண்ணு ஒடஞ்சிருச்சு.”

“அப்ப விட்டுடுங்களேன் மாப்ள, கடையில குடுத்துரலாம்.”

“ஒரு கிளிப்புக்கா? உள்ளதவச்சே நிக்கும் அத்தே. லைட்ட இப்படிக் காட்டுங்க.”

உள்பலகை கழன்று வந்தது. ராஜம்மா டார்ச்சைத் திருப்பத் தயாரானாள். ஆனால் பாருங்கள், அதற்கும் பின்னால் கதவின் வயிற்றையே மூடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே இறங்குகிற மழைத்தண்ணீர் இந்தப் பக்கம் வராமலிருக்கவாம். அதைத் தொட வேண்டிய வேலையே இல்லை. ஸ்பீக்கர் வெளியே பார்த்தபடிதான் இருந்தது. அவன் துரப்பணம் வைத்து நாலு ரிவெட்டைத் துளைத்தெடுத்து, பழையதை உருவினான். தெரிந்த ஓட்டையிலிருந்து ராஜம்மா டார்ச்சைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். அவன் எட்டிப் பார்க்காமல் புதியதற்கு வளையம் வைத்து, ஒயர் பார்த்துச் சொருகி இறுக்கினான். சுற்றிலும் கறுப்பாக, தார்போல ஒட்டுகிற ஒரு ரப்பர் தாளை வெட்டி அழுத்தினான். தகரம் அதிராமல் இருக்க அது. பதினோரு மணிக்கு வலது கதவு மூடியாகிவிட்டது. ராஜம்மா மனசுக்குள்ளேயே அம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

இடது கதவு அரை மணி நேரத்தில் முடிந்தது. அதற்கு அவள் டார்ச்கூடச் சரியாகப் பிடிக்கவில்லை.

சுகுமாறன் ஒரு குத்துப்பாட்டை அலறவிட்டுப் பார்த்தான். அடடா, கண்ணாடி போல இருந்தது! இரண்டு வீடு தள்ளிக் கார் கழுவிக்கொண்டிருந்தவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். “லோஷி! வா வா, வந்து ஒக்காரு!”

லோஷினி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து டிரைவர் சீட்டில் ஏறினாள். பாட்டைப் போட்டாள். முதல் அடி தேனாகப் போனது. அவள் முகம் மெல்லத் தெளிந்தது. ‘தாயே’ என்று குரல் கீழே இறங்கி நின்றது.

ர்ர்ர்ர்.

புது ஸ்பீக்கர் இல்லையா? முன்னைவிடத் தெளிவாகவே கேட்டது.

லோஷினி பாட்டை நிறுத்தினாள். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்தாள்.

“பரவால்லங்க. இவ்ளோ செஞ்சீங்க. இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல?” சொல்லிக்கொண்டே போனில் ஓர் எண்ணைத் தேடினாள். “தனலெட்சுமி அக்காகிட்ட இப்பவே சொல்லிட்டா வேற ஆளப் பாப்பாங்க. கடைசி நேரத்துல கழுத்தறுக்கக் கூடாது.”

தனலெட்சுமி கோயில் பஜனைக் குழுவின் தலைவி. அவளிடம் ஒருமுறை வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

பாட்டு ஓடும்போதே ராஜம்மாவின் கை திறந்திருந்த வலது கதவின்மேல் இருந்தது. ‘ர்ர்ர்ர்’ வந்தபோது ஸ்பீக்கர் இருக்குமிடத்தில் அந்த உரசல் இல்லை. அதற்கும் கீழே, கதவின் அடியில், அன்றைக்கு ‘டொக்’ என்று விழுந்த அதே இடத்தில், அவள் உள்ளங்கை கூசியது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும் என்று இப்போதுதானே சொன்னான்? ஒன்றரை வருஷத் தண்ணீரில் மஞ்சள் துணி மக்கிப் போயிருக்கும். குரல் அந்த ஆழத்துக்கு இறங்கும்போது வெறும் தகடு அதிர்ந்து தகரத்தோடு உரசுகிறது!

ஐயோ, என் மகள் தொண்டை இல்லை. அது நான் போட்ட தகடு.

ஒரு பக்கம் மருமகன் உயிர். மறுபக்கம் மகளின் குரல். சொன்னால் அவன் அதைத் தூக்கி வெளியே போடுவான், நாளைக்கே ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே போவான். சொல்லாவிட்டால் இவள் இனி வாழ்நாளெல்லாம் வாயைத் திறக்கமாட்டாள். லோஷினி போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடிப்பது கேட்டது. கண்ணில் படக்கூடாது என்றுதான் பூசாரி சொன்னார், சொல்லக்கூடாது என்று அவர் சொல்லவில்லையே என்று ராஜம்மாவுக்குச் சட்டென்று தோன்றியது. பாய்ந்துபோய்ப் போனைப் பிடுங்கி அழைப்பைத் துண்டித்தாள்.

“மா! என்னமா?”

“ஒன் தொண்டைக்கு ஒண்ணும் இல்லடி. கதவுக்குள்ள நான் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன்.”

பெட்ரோல் நிலையம், மஞ்சள் துணி, பூசாரி, ஒன்றையும் விடாமல் கொட்டிவிட்டாள். “என்ன வேணும்னாலும் சொல்லுங்க மாப்ள. சிரிச்சாலும் சரி. இவ பாடணும், அவ்வளவுதான்.”

லோஷினிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. “ஒரு வாரமா நான் மஞ்சப் பாலா குடிச்சிட்டிருக்கேன், நீங்க தகடு போட்டு வச்சிருக்கீங்களா!”

சுகுமாறன் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தான். அவன் விரல் தன்னையறியாமல் காறை எலும்பு கூடிய மேட்டைத் தடவியது.

“இத எனக்காகவா போட்டீங்க அத்தே?”

“பின்ன யாருக்கு?”

சுகுமாறன் தோசைக் கரண்டியைக் கையில் எடுத்தான். ‘டப்’, ‘டப்’. இந்தத் தடவை பத்து நிமிஷத்தில் உள்பலகை பாய்க்கு வந்துவிட்டது. ஸ்பீக்கரையும் கழற்றினான். கை நுழையும் அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை. கறுப்பு ரப்பர் தாளில் மிச்சமிருந்த துண்டை உரித்து விரலில் ஒட்டிக்கொண்டான்.

“யாரும் பாக்கக்கூடாதுன்னாரா, நான் மட்டுமா?”

“யாருமே பாக்கக்கூடாது.”

“சரி. லோஷி, அந்தப் பக்கம் திரும்பு. அத்தே, டார்ச்ச அணைங்க.”

“எடுத்து வெளிய போட்டா ஒரு நிமிசத்துல முடியும்லா,” என்றாள் லோஷினி.

“எடுத்தா பாக்க வேண்டி வரும்ல? திரும்பு.”

லோஷினி திரும்பிக்கொண்டாள். ராஜம்மா டார்ச்சை அணைத்தாள், ஆனால் திரும்பவில்லை. கதவைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். ராகு காலத்தைக் கிண்டல் செய்கிற அந்த மனிதன், இரண்டு கண்ணையும் சின்னப் பிள்ளைபோல இறுக்கி மூடிக்கொண்டு, தோள்வரை கையைக் கதவுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. “ம், இருக்கு,” என்றான். தகட்டைக் கதவின் உள்சுவரோடு சேர்த்துவைத்து, அதன்மேல் ரப்பரைப் போட்டு, விரல் வெளுக்க வெளுக்க அழுத்தினான். கையை வெளியே எடுத்து, ஸ்பீக்கரால் அந்த ஓட்டையை மூடிய பிறகுதான் கண்ணைத் திறந்தான்.

“நான் பாக்கல அத்தே.”

ராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்று சொல்லிக்கொண்டாள்.

பாட்டு மறுபடி ஓடியது. ‘தாயே’ என்று குரல் இறங்கி, ஆழத்தில் போய் நின்று, நிறைந்து, அசையாமல் நின்றது. வேறு ஒரு சத்தமும் இல்லை. லோஷினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த ஓர் இடத்தை மூன்று தடவை கேட்டாள். நாலாம் தடவை போடப் போகும்போது போன் அடித்தது. தனலெட்சுமிதான்.

“என்னம்மா, கூப்புட்டுட்டு நீயே வச்சிட்ட? என்ன விசயம்?”

“ஒண்ணும் இல்லக்கா,” என்றாள் லோஷினி. “அரை மணி நேரம் பத்தாது. இன்னொரு பாட்டு சேத்துக்கலாமான்னு கேக்கத்தான்.”

திங்கட்கிழமை காலை வண்டி ஹைவே ஏறியபோது சுகுமாறன் தன் போனுக்கு வாங்கி வைத்திருந்த அந்தப் பாட்டைத் தானாகவே போட்டான். குரல் கீழே இறங்குகிற இடம் வந்தது. அவன் வலது உள்ளங்கை போய்க் கதவின் அடிப்பக்கம் படிந்தது. அதிர்கிறதா என்று பார்க்கிறானாம். பாட்டு முடிந்து விளம்பரம்போல அவனுடைய குத்துப்பாட்டு வந்த பிறகும் கை அங்கேயேதான் இருந்தது. ராஜம்மா கோப்பியை உறிஞ்சிக்கொண்டு, தன் பக்கத்து ஜன்னல் வழியாக எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.