பிள்ளைக்காம்பராவில் வாசித்த ஏசாயா

நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தபித்தாள் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொண்ட காலம் அது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். உதவிக்கு இருந்தவள் தெய்வம்மா. சிறுமியாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். காப்பகத்தை அவள் ‘பிள்ளைக்காம்பரா’ என்றுதான் சொல்வாள். தபித்தாளுக்கும் அந்தப் பேரே வாயில் ஒட்டிக்கொண்டது.

மதியம் பிள்ளைகள் தூங்கியதும் அறையில் காய்ச்சிய பாலின் வாசனையும் ஈரக் கம்பளியின் வாசனையும் நிற்கும். அந்த வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் ஏசாயா தீர்க்கதரிசியின் பகுதியை வாசிக்கும்படி ஆயர் தபித்தாளைக் கேட்டிருந்தார். தடுமாறக் கூடாதே என்று சத்தமாக வாசித்துப் பழகினாள். கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வரிகள். நாக்கு வாசிக்கும், மனசு அடுப்பில் இருக்கும் பாலைப் பார்க்கும்.

ஒரு மதியம், துணி மடித்துக்கொண்டிருந்த தெய்வம்மா கையை நிறுத்தினாள்.

“அக்கா, யாரு அவரு? அடிச்சப்போ வாயே தொறக்கலன்னு வாசிச்சீங்களே?”

“இயேசு சாமி.”

“அவரப் பாத்தவங்க எழுதுனதா?”

“இல்ல தெய்வம்மா. அவரு பொறக்கறதுக்கு எழுநூறு வருசம் முன்னாலயே ஒரு யூத தீர்க்கதரிசி எழுதி வெச்சது. மத்தவங்களுக்காக ஒருத்தர் அடிபடுவாரு, ஆட்டுக்குட்டியாட்டம் பேசாம போவாருன்னு.”

“அப்ப, இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் வந்தாரா?”

இப்படி யாரும் தபித்தாளைக் கேட்டதில்லை. “ஆமா” என்றாள்.

தெய்வம்மா மடித்த துணியை ஓரமாக வைத்தாள். பிறகு தன் அண்ணன் இருளப்பனைப் பற்றிச் சொன்னாள். இலங்கையில் நடந்த கலவரத்தில், அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குத் தீ வைத்தபோது குடும்பமே தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தது. கும்பல் கிட்டே வந்துவிட்டது. அம்மா கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல், இருளப்பன் எழுந்து கும்பலை நோக்கி நடந்தான்.

“மத்தவங்க எங்கன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கக்கா. அண்ணன் வாயத் தொறக்கல. அவங்க போனப்பறம் ஓடிப் பாத்தோம், உசுரு இல்ல. நாங்க பொழச்சோம்.”

தபித்தாள் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். தீர்க்கதரிசனம் என்றால் எப்போதோ சொன்னது எப்போதோ நடந்தது, அவ்வளவுதான் அவளுக்கு. அன்றுதான் அந்த வரிகளுக்குள் ஒருவர் எழுந்து நடப்பது தெரிந்தது. தெரிந்தே நடக்கிறார். அவள் அழுதாள். தெய்வம்மாதான் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமை தெய்வம்மா ஆராதனைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆட்டுக்குட்டி வரும் இடத்தில் தபித்தாளின் குரல் நின்றுபோனது. சபை காத்திருந்தது. தெய்வம்மா, தான் இருப்பது தெரியட்டும் என்று எழுந்து நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே தபித்தாள் மீதியை வாசித்து முடித்தாள்.

தெய்வம்மா மதம் மாறவில்லை. மாரியம்மன் கோயிலில் விளக்குப் போடுவதை நிறுத்தவும் இல்லை. ஆனால் எஸ்டேட்டில் இருந்தவரை ஒரு பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையையும் அவள் தவறவிடவில்லை.

இப்போது தபித்தாள் குன்னூரில் மகள் ஸ்டெபியின் வீட்டில் இருக்கிறாள். தெய்வம்மா கூடலூரில் மகனோடு. இந்த வருஷமும் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளிடமிருந்து போன் வந்தது.

“இன்னைக்கு யாருக்கா வாசிச்சாங்க?”

“அலீனான்னு ஒரு காலேஜ் புள்ள. நல்லாத்தான் வாசிச்சா. கொஞ்சம் வேகம்.”

“அழலயா?”

“அவ எங்க அழுதா? நாந்தான் அழுதேன்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு பேச்சு அவர்கள் வளர்த்த பிள்ளைகள் பக்கம் திரும்பியது. யார் எந்த ஊரில், யாருக்குக் கல்யாணம் என்று, ஸ்டெபி கஞ்சி குடிக்கக் கூப்பிடும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.