மாத்தி வெச்சிடுங்கோ

அந்த ஹார்ட் டிஸ்கை அழித்தது நான்தான். வைரஸ் இல்லை, இடி மின்னல் இல்லை, மின்சார வாரியமும் இல்லை. இந்த மூன்றின் மேலும் பழி போட்டு எத்தனையோ பேரைச் சமாளித்து அனுப்பியவன் நான். இந்த முறை அதற்கு வழியில்லாமல் போயிற்று. ஒரு சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், டீ குடித்துக்கொண்டே செய்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். அதற்கு என்மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது, இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறை அமுக்கினேன்.

என் கடை கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நாச்சம்மாள் அக்காவின் தையல் கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போர்டில் 'வேல்முருகன் கம்ப்யூட்டர்ஸ்' என்று பன்மையில் எழுதியிருக்கும். உள்ளே ஒழுங்காக ஓடுவது ஒன்றுதான்.

முந்தின நாள் காலை சுஷ்மா மேடம் வந்திருந்தார். இங்கே ஒரு வங்கியில் அதிகாரி. பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். செங்கல் கனத்துக்கு ஒரு லேப்டாப்பை மேஜைமேல் வைத்தார். கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் ரகம். ஆறேழு வருடப் பழசு. திறந்தால் கீபோர்டு முழுக்க மாரியம்மன் நோம்பிக்குக் கட்டிய சீரியல் லைட் மாதிரி கலர் கலராக எரிந்தது.

"கேம் ஆடுவீங்களா மேடம்?"

"கேமுக்கில்லே. ஒரு புரோகிராம் ஓடணும். இருக்கற மெமரி போறாதுங்கறது. முப்பத்திரண்டு ஜிபி ஆக்கித் தாங்கோ. டிஸ்கும் புதுசா, வேகமானதாப் போடணும். புதுசுல எல்லாம் புதுசாவே இருக்கட்டும். பழைய டிஸ்கை மாத்தி வெச்சிடுங்கோ."

"மாத்தி வெச்சர்றனுங்க" என்றேன்.

அடி மூடியில் பதினோரு ஸ்க்ரூ. கழற்றியபோது ஒன்று உருண்டோடி எங்கோ போய்விட்டது. அதன் இடத்தில் வேறு நிறத்தில் ஒன்றைப் போட்டேன். விசிறிக்குள் அடைந்திருந்த தூசியில் சாம்பிராணி வாசம். பழைய எட்டு ஜிபி ராமைப் பிடுங்கிவிட்டுப் பதினாறு பதினாறாக இரண்டைச் சொருகினேன். இரண்டும் 'டக்' என்று உட்கார்ந்தன. மூலையில் இருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு, சூயிங்கம் அளவில் ஒரு எஸ்.எஸ்.டி.யை மாட்டினேன். அரை நிமிடம் எடுத்துத் திறந்த லேப்டாப் ஏழு நொடியில் திறந்தது. சாயங்காலம் மேடம் வந்து வாங்கிப் போனார்.

கழற்றின சாமானைக் கடையிலேயே விட்டுப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டுப்போனதில் இருப்பதை எட்டிப் பார்க்காமல் அழித்துவிடுவது என் ஒழுக்கம். என்னிடம் இருப்பதே அந்த ஒரு ஒழுக்கம்தான். அது என்ன செய்தது பாருங்கள். சனிக்கிழமை அழித்து, அதன்மேல் புதிதாக விண்டோஸும் ஏற்றி, உரக்கடை கோபிநாத் அண்ணன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேடம் வந்து கையை நீட்டினார்.

"அந்தப் பழைய டிஸ்க்?"

"அதான் மாத்திட்டனுங்களே மேடம்."

"ஆமா. மாத்தி வெச்சதைத்தான் கேக்கறேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு மாத்தி வைப்பது என்றால் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது. மலையாளத்தில் அதற்குத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்துவது என்றும் அர்த்தம். கல்பாத்திக்காரர்கள் தமிழுக்குள் மலையாளம் எந்த வழியாக வந்து எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. மேடம் இதையே மலையாளத்தில் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பத்தாவது வரை மலையாளம் படித்தவன். அவர் தமிழில் சொன்னார். தமிழ்தானே என்று நானும் யோசிக்கவில்லை.

"ஊட்ல வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்று புளுகினேன். "ரெண்டு நாள்ல கொண்டாந்தர்றேன்."

"மறந்துடாதேங்கோ. அதுல எங்காத்துக்காரர் சந்தீப்போட கொரலாக்கும் இருக்கறது. வேற எங்கயும் இல்லே." வாசலில் இறங்கியவர் நின்று, பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நன்னாப் பேசிண்டிருந்தார்."

பேசிக்கொண்டிருந்தார். இப்போது இல்லை. மேடம் நெற்றியில் பொட்டு இருந்தது. இந்தக் காலத்தில் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. போய்ச் சேர்ந்த ஒரு மனிதரின் குரலை, டீ குடித்துக்கொண்டே இரண்டாம் முறையும் கொன்றிருக்கிறேன் என்று கணக்குப் போட்டேன்.

உரக்கடைக்கு ஓடினேன்.

"கோபிண்ணா, கம்ப்யூட்டரை ஒருக்காக் கழட்டோணுங்க."

"சனிக்கெழமதானப்பா மாட்டுன."

"வைரஸ் வந்துருச்சுங்க."

"நான் இன்னும் பட்டனே அமுக்குலியேப்பா. அது எப்படி வந்துச்சு, பொள்ளாச்சி பஸ்ஸுலயா?"

வாங்கிக்கொண்டு வந்து, அழிந்ததைத் தேடித் தரும் புரோகிராம் ஒன்றை அதன்மேல் ஏவினேன். டிஸ்கில் அழிப்பது என்பது பெரும்பாலும் முகவரியைக் கிழிப்பதுதான். வீடு அங்கேயே இருக்கும், மேலே வேறு வீடு கட்டாதவரை. நான் வேறு வீடு கட்டிவிட்டேன். அதனால் வந்தவரை லாபம் என்று உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை நாள் டிஸ்க் உள்ளுக்குள் 'டிக் டிக்' என்று சுரண்டிக்கொண்டே இருந்தது. புதன்கிழமை காலை பெயரில்லாத ஒலிக்கோப்புகள் அறுநூற்று நாற்பது வந்து நின்றன. முதலாவதை ஓட்டினேன்.

"கேக்கறதோ?" என்றார் ஒருவர்.

நல்ல குரல். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது போல. அதோடு அறுந்து, பிறகு இரைச்சல். அடுத்ததை ஓட்டினேன். "கேக்கறதோ?" அடுத்தது. "கேக்கறதோ?" ஒவ்வொன்றிலும் தலைப்பகுதி மட்டும் பிழைத்திருக்கிறது, உடம்பு நான் ஏற்றிய விண்டோஸுக்கு அடியில். ஒன்றில் பின்னால் மழை பெய்தது. ஒன்றில் குக்கர் விசிலடித்தது. ஒன்றில் தூரத்தில் மணியோசை. நடுவே அந்த ஒற்றைக் கேள்வி. சேமிக்கும் முன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்ததால் நிறுத்தவும் முடியவில்லை. பொள்ளாச்சி பஸ் போய் ஸ்டாண்டே காலியாகக் கிடந்த மத்தியான வெயிலில், நூற்றுப்பத்தாவது தடவையோ என்னவோ, என்னை அறியாமல் "கேக்குதுங்க" என்றேன்.

அடுத்த கோப்பு "கேக்கறதோ?" என்றது.

சுவருக்கு அந்தப்பக்கம் தையல் மெஷின் நின்றது. நாச்சம்மாள் அக்கா தலையை நீட்டினார்.

"ஏன் வேலு, காலையில புடிச்சு ஒருத்தரு கேக்குதா கேக்குதான்னு கேட்டுட்டே இருக்கறாரு. பதில் சொன்னா கொறஞ்சா போயிருவே?"

"சொல்லிட்டனுங்கக்கா."

"சொன்னதுக்கப்பறமுமா கேக்கறாரு?" அக்கா என் முகத்தையும் காலி நாற்காலியையும் பார்த்தார். "ஆரப்பா அது?"

சொன்னேன். அக்கா போய், சாம்பிராணிக் கரண்டியோடு திரும்பி வந்தார்.

முழுதாகப் பிழைத்தவையும் இருந்தன. கேள்விக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி விட்டு, பாடம் படிப்பது போல ஒரு வாக்கியம். "சாம்பார்ல உப்புப் போறாது." "குடை எடுத்துண்டு போ." "எனக்கு வலிக்கல்லே." சாகப்போகிறவர் எதற்காக இதையெல்லாம் சொல்லி வைக்க வேண்டும்? அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது "லைட்டை அணைச்சிடு" என்றார். மின்சாரம் போயிற்று. எங்கள் ஊரில் இரண்டு மணிக்கு மின்சாரம் போவது அதிசயம் இல்லை என்பதை நான் ரோட்டில் நின்றுதான் நினைத்துப் பார்த்தேன். எப்போது ரோட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. பேட்டரியில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டிய கடைக்குள்ளிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தது.

முழுதாகத் தேறியவை இருநூற்று முப்பத்தொன்று. வெள்ளிக்கிழமை அவற்றோடு டிஸ்கை மேடத்திடம் கொடுத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அழித்ததை, வீட்டில் இருக்கிறது என்று புளுகியதை, வைரஸ் உட்பட. மேடம் வெகுநேரம் டிஸ்கையே கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சாரமில்லே" என்றார்.

பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நிஜமாகவே பரவாயில்லை என்றால் யாரும் அதை அவ்வளவு மெதுவாகச் சொல்ல மாட்டார்கள்.

"மேடம், அவரு இப்ப…" என்று இழுத்தேன்.

"கூடவேதான் இருக்காராக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அவருக்குப் பின்னால் யாராவது நடக்கிறார்களா என்று பார்த்தேன். பத்து நாள் கழித்துப் போன் செய்து, "தேறுனது போதுங்களா மேடம்? எவ்வளவு போச்சுங்க?" என்று கேட்டேன். "பாத்துண்டிருக்கோம். சாரமில்லே." இன்னொரு தடவை கேட்டேன். அதே சாரமில்லே. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். கடையில் அந்த டிஸ்க் இல்லை, ஸ்பீக்கரை அணைத்துத் துணி போட்டு மூடியும் வைத்திருந்தேன். இருந்தாலும் மத்தியானம் ஸ்டாண்ட் அடங்கினால் காதோரம் யாரோ கேட்டார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், காலை பத்தரை மணிக்கு ஒருவர் வந்து வாசலில் நின்றார். ஒல்லியான ஆள். சட்டைக் கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். என்ன வேணுங்க என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உள்ளே வந்து, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். பத்து ஸ்க்ரூ கறுப்பு, ஒன்று வெள்ளை. என் கைவரிசை. பிறகு நிமிர்த்தி வைத்து, காலி நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ தட்டினார்.

"கேக்கறதோ?" என்றது லேப்டாப்.

அவர் உதடு அசையவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"கேக்குதுங்க" என்றேன்.

அவர் தட்டினார். அதே குரல், கொஞ்சம் தட்டையாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிற்று: தொண்டையில் கேன்சர். குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள், மூச்சுகூடக் கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான். அதற்கு முந்தின இரண்டு மாதமும் உட்கார்ந்து குரலைப் பதிந்து வைத்தார். சுஷ்மா ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு எதிரே இருப்பார். இவர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறதா என்று கேட்டு, சுஷ்மா தலையாட்டிய பிறகுதான் வாக்கியத்தைச் சொல்வார். அந்தப் பதிவுகளைக் கேட்டு இந்தப் புரோகிராம் அவர் மாதிரிப் பேசப் பழகியிருக்கிறது. அதற்குத்தான் அத்தனை மெமரி.

தையல் மெஷின் எப்போதோ நின்றிருந்தது. அக்கா வாசலில் நின்றார்.

"நீங்க உசுரோட இல்லைன்னு நெனச்சுட்டனுங்க சார்" என்றேன். "மூணு வாரமா உங்களுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கறன்."

"சாம்பிராணி வேற போட்டமுங்க" என்றார் அக்கா. "கரண்டு போனதுக்கு ரோட்டுக்கு ஓடிட்டானுங்க, ஒத்தைச் செருப்போட."

அவர் சிரித்தார். கண் சுருங்கிற்று, வாய் திறந்தது, தோள் குலுங்கிற்று. கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. சத்தமே இல்லை. காற்று மட்டும் போய் வந்தது. அக்காவும் நானும் சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டோம். அவர் சிரித்து முடித்து, கையைக் கீபோர்டுமேல் வைத்து, எதுவும் தட்டாமல் எடுத்துக்கொண்டார்.

"சார்" என்றேன். "தேறுனது போதுங்களா? நான் என்னத்தை அழிச்சனுங்க?"

தட்டினார். "சாரமில்லே" என்றது லேப்டாப், நன்றாகப் பழக்கப்பட்ட சொல்லாக.

"அது வேண்டாங்க சார். மேடமும் அதயேதான் சொல்றாங்க. நேரா ஒண்ணு சொல்லிருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஒற்றை விரலால், நிறுத்தி நிறுத்தித் தட்டினார். சிவப்பும் நீலமும் அவர் விரலுக்கடியில் மாறி மாறி எரிந்தன. கடைசியில் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பேசறதுக்குப் போறும்" என்றது அவர் குரல். "சிரிச்சது பதினாலு இருந்தது. சுஷ்மாவாக்கும் என்னைச் சிரிக்க வெச்சு எடுத்தா. அதுல ஒண்ணுகூட வரல்லே."