மூன்று தட்டும் ஓர் அழைப்பும்

பிற்பகலில் அஸர் பாங்கு சொல்லுமுன்பே சுபைறா ஒரு கையில் சுருட்டிய பாயும் மறுகையில் மகளுமாகப் பாடசாலை மைதானத்திற்கு வந்து சேர்ந்தாள். மேடையின் வலப்புறத்தில் கயிறு கட்டி, சேலைகளையும் படுக்கை விரிப்புகளையும் தொங்கவிட்டுப் பெண்களுக்கு மறைப்பு அமைத்திருந்தார்கள். மேடையைப் பார்க்கும் பக்கம் மட்டும் திறந்திருந்தது. முன்வரிசையில், மேடையில் நிற்பவரின் உதடு அசைவது தெரியக்கூடிய இடமாகப் பார்த்து அவள் பாயை விரித்தாள். ஐந்தாண்டுகளுக்கு முன்பு இதே மைதானத்தில் கடைசி வரிசையில் இருந்தவள். நாடகம் பாதியில் இருக்கும்போதே எழுந்து வீட்டுக்குப் போனவள். அன்று எந்தக் காட்சியைப் பொறுக்கமாட்டாமல் எழுந்து போனாளோ, அந்தக் காட்சியைப் பார்ப்பதற்காகவே இன்று வந்திருந்தாள்.

"என்ன மச்சி, இதுக்கும் முன்னால எண்டா மேடையிலதான் பாயப் போடணும்" என்று கேலி பேசிக்கொண்டே பக்கத்து வீட்டு நளீமா வந்து அருகில் அமர்ந்தாள்.

"தூர இரிந்தா முகம் தெரியாது" என்றாள் சுபைறா.

"இண்டைக்கு வேஷம் கட்டுற ஜவுபர்ர முகத்துல என்னத்தப் பாக்கப் போறீங்க? தினமும் ஆட்டோ ஓட்டிக்கிட்டு நம்மட ரோட்டாலதானே போறான்."

யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி சொல்லி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதன்பின் வந்த முதலாவது நோன்புப் பெருநாள் இது. பெருநாளின் மறுதினம் கலைமன்றத்தார் பாட்டுக் கச்சேரியும் நாடகமும் நடத்துவதும், அஸருக்குப் பின் தொடங்கி அந்தித் தொழுகையான மஃரிபுக்கு முன் முடித்துவிடுவதும் நிந்தவூரில் முன்பிருந்த வழக்கம். சுனாமியாகக் கடல் வந்த ஆண்டோடு அது நின்றுபோயிற்று. பின்னர் வீதித்தடைகளும் அச்சமும் வந்தன. இன்று தமிழூரான பாண்டிருப்பிலிருந்து நல்லரெத்தினம் தம் தபேலாவை உறையிலிட்டுச் சுமந்துகொண்டு வந்திருந்தார். மேடையேறுமுன் அவரை இரண்டு பேர் கட்டியணைத்ததைச் சுபைறா மறைப்பின் இடுக்கு வழியே கண்டாள்.

அவளுடைய கணவன் அபூசாலி அரிசி ஆலையில் நெல் அவித்தவன். பகலெல்லாம் கொதிநீராவியில் நின்று சிவந்த முகத்தோடு வருபவன், மாலையில் மன்றத்து ஒத்திகைக்குப் போனால் வேறு ஆளாகிவிடுவான். பெண்கள் மேடையேறாத ஊரில் பெண் வேடமெல்லாம் அவனுக்கே உரியன. மாமியாராக வந்தாலும் மணப்பெண்ணாக வந்தாலும், அவன் முந்தானையைத் தலையில் இழுத்துவிடும் முன்பே சனம் சிரிக்கத் தொடங்கிவிடும். சுபைறாவும் அவர்களோடு சிரித்தவளே. யார் வீட்டுப் பெண்ணின் நடையைக் கொண்டுவந்தான், யாருடைய மூக்குறிஞ்சலைக் கொண்டுவந்தான் என்று பெண்கள் மறைப்பினுள் பந்தயம் பிடிப்பார்கள். தன் வீட்டிலிருந்தும் அவன் எடுப்பான் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கணவனைக் கூப்பிட வேண்டுமானால் பின்வாசலுக்கு வந்து, கையிலிருக்கும் அகப்பையால் சட்டியின் விளிம்பில் மூன்று முறை தட்டுவாள். அதன் பிறகே "இஞ்சாருங்க" என்பாள். தொடக்கம் ஏச்சைப்போல இருக்கும். நடுவில் நீண்டு வளையும். முடியும்போது பாலில் தோய்த்ததுபோல இறங்கிவிடும். தான் அப்படிக் கூப்பிடுவதை அவளே அறிந்திருக்கவில்லை. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டுப் பெருநாளின் மறுதினம், அவளுடைய மண்ணிறச் சேலையையே உடுத்துக்கொண்டு, அலுமினியச் சட்டியோடு அபூசாலி மேடைக்கு வந்து நின்றான். டக், டக், டக். இஞ்சாருங்க. மைதானம் வெடித்தது. மறைப்பினுள் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசி வரிசைக்குத் திரும்பின. "புள்ள, இது நீதானேகா!" என்று யாரோ தொடையில் அடித்துச் சிரித்தார்கள். அவன் மூன்று தரம் கூப்பிட்டான். இரண்டாவதில் அவள் எழுந்துவிட்டாள்.

கழுத்தில் அழியாத பவுடரோடு அவன் வீட்டுக்கு வந்தபோது, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊரு சிரிக்க வெச்சிட்டீங்க. இனி இந்த வாயால ஒங்களக் கூப்பிட்டாக் கேளுங்க."

"சனம் ஒன்னப் பாத்துச் சிரிக்கல்ல புள்ள. என்னப் பாத்துத்தான் சிரிச்ச. இப்பிடி ஒருத்தி கூப்பிடுறதுக்கு இவன் குடுத்து வெச்சவன் எண்டு சிரிச்ச."

அவள் நம்பவில்லை. சொன்ன சொல்லை நாற்பது நாள் காத்தாள். சோறு ஆறினாலும், ஆள் வந்து தேடினாலும், மூன்று வயதுச் சில்மியாவை அனுப்புவாள்: "வாப்பாவ வரச்சொல்லு." அவன் முதலில் சிரித்தான், பிறகு வருந்தினான், மன்றத்துக்குப் போவதையும் விட்டான். ஒருநாள் பின்வாசலில் நின்று, அகப்பையை எடுத்துத் தன்னைத்தானே கூப்பிட்டுக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் காணாமலிருக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் அவன் கண்டுவிட்டான். அது சனிக்கிழமை.

மறுநாட் காலை மீன் வாங்கக் கரைக்குப் புறப்பட்டவன், மீன் போடும் பன் உமலைக் கதவுக் கொளுவியிலேயே விட்டுவிட்டுப் போனான். சுபைறா பின்வாசலுக்கு வந்தாள். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி காலடியில் இருந்தது. அகப்பை கையில் இருந்தது. அவன் குறுகிய ஒழுங்கைப் பாதையின் முடிவை அடைந்திருந்தான். அங்கே நின்று, சாரத்தை அவிழ்த்துக் கட்டினான். ஒருமுறை கட்டுவதற்கு எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக் கட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. அழைப்பு அவளுடைய தொண்டை வரைக்கும் வந்தது. நாளைக்குக் கூப்பிடலாம், இன்றைக்கு விட்டுக்கொடுத்தால் மறுபடியும் மேடையில் ஏற்றிவிடுவார் என்று அதை விழுங்கினாள். அவன் கடற்பக்கமாகத் திரும்பினான்.

சற்று நேரத்தில் கடல் ஊருக்குள் ஏறி வந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு அவள் வயற்பக்கமாக ஓடித் தப்பினாள். அவனை மூன்றாம் நாள் கண்டெடுத்து அடக்கினார்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அகதி முகாமாகிவிட்ட ஒரு பாடசாலையின் வகுப்பறை மூலையில், நிவாரணமாக வந்த சேலையொன்றைத் திரையாகத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அவள் கணவனை இழந்தவளுக்குரிய நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தாள். திரைக்கு அப்பால் யாராவது சட்டியில் அகப்பையைத் தட்டினால், எத்தனை தட்டு என்று எண்ணத் தொடங்கிவிடுவாள். இத்தா முடிந்த நாளில், ஒருவரும் இல்லாத வேளை பார்த்து, அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தாள். எழுத்துகள் வந்தன, அந்த வளைவு வரவில்லை. அவளிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டு போனது அவளிடம் திரும்பவேயில்லை.

ஆகவேதான், அபூசாலியின் நாடகத்தைத் திரும்பவும் போடப்போகிறோம் என்று மன்றத் தலைவர் பக்கீர் முகைதீன் போன கிழமை வந்து சொன்னபோது, அவள் கதவுக்குப் பின்னால் நின்று ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"முழுசாப் போடுறீங்களா, காக்கா?"

அவர் சற்றுத் தயங்கினார். "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தங்கச்சி. ஒங்கட மனசு நோகாம எல்லாம் செஞ்சிரிக்கம். புள்ளையையும் கூட்டிட்டு வாங்க."

அந்தச் சொல்லை அவள் தனக்கு வேண்டிய விதமாகவே எடுத்துக்கொண்டாள்.

கச்சேரி முடிந்து நாடகம் தொடங்கியது. பெண் வேடத்தில் ஜவுபர் வந்ததும் மறைப்பினுள் கலகலப்பு எழுந்தது.

"இவன்ட இடுப்பப் பாருங்ககா! ஆட்டோ ஓட்டுறவன்ட இடுப்பா இது?"

"நான் பெருநாளைக்கு எடுத்த சேலைய விட நல்ல சேலையா உடுத்திரிக்கான், பாவி."

சுபைறாவும் புன்னகைத்தாள். ஜவுபர் நன்றாகவே நடித்தான். முந்தானையைக் காதுக்குப் பின்னால் செருகும் விதம் அபூசாலியுடையது. கோபித்துக்கொண்டு உட்காரும்போது முழங்காலை முதலில் ஊன்றுவதும் அவனுடையது. "ஒங்க வாப்பா இப்பிடித்தான் இருப்பாரு" என்று அவள் சில்மியாவின் காதில் சொன்னாள். எட்டு வயதுப் பிள்ளை, சேலை உடுத்த தகப்பனை மனத்தில் உருவாக்கிக்கொள்ள முயன்று, கண்ணை அகல விரித்துப் பார்த்தது.

கணவன் வேடக்காரர் உமலை மறந்துவிட்டு மேடையின் இடப்பக்கமாக இறங்கிப் போனார். ஜவுபர் சட்டியோடும் அகப்பையோடும் வந்து நின்றான். அவன் போகிறவரைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், சட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். திரை விழுந்தது.

ஆண்கள் பக்கத்தில் கூச்சல் கிளம்பியது. ஊர் மறந்திருக்கவில்லை. "டேய் ஜவுபர், கூப்பிடுடா! மூணு தட்டு எங்கடா?" என்று கத்தினார்கள், சிலர் கதிரைகளில் மும்மூன்றாகத் தட்டினார்கள். பக்கீர் முகைதீன் திரையை விலக்கிக்கொண்டு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"சகோதரர்களே, மர்ஹூம் அபூசாலியின் குடும்பத்தார் இச்சபையில் இருக்கின்றார்கள். அவர்களுடைய மனம் நோகக்கூடாதென்று அந்தக் கட்டத்தை நாம் விலக்கியிருக்கின்றோம். தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்."

தட்டல் நின்றது. ஊர் முழுவதும் அவளுக்காக வாயை மூடிக்கொண்டது. நளீமா அவளுடைய கையைப் பிடித்து, "எவ்வளவு நல்ல மனுசர் பாத்தீங்களா" என்றாள். பின்னாலிருந்து ஒருத்தி தோளைத் தடவினாள். எழுந்து நின்று, போடுங்கள், அதைப் போடுங்கள் என்று கத்த வேண்டும்போல அவளுக்கு இருந்தது. வாய் திறந்தது, குரல்தான் வரவில்லை. ஒழுங்கை முடிவில் அவன் நின்றபோது வராத அதே குரல்.

நாடகம் முடிந்து சனம் கலைந்தது. நளீமா கூப்பிடக் கூப்பிடச் சுபைறா மகளை இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். வகுப்பறை விறாந்தையில் ஜவுபர் தேங்காயெண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவசரமாக எழுந்து, அவிழ்ந்த முந்தானையை அள்ளிப் பிடித்தான்.

"தாத்தா... ஏதும் பிழையா நடிச்சிட்டனா?" என்று மூத்த சகோதரியிடம் கேட்பவனைப்போலக் கேட்டான்.

"அந்தக் கட்டம் ஒங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

அவன் தலை குனிந்தான். "தெரியும். அவருதான் பழக்கினாரு. கடல் வாறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்ன ஆலையடிக்கு வரச்சொல்லி, 'இத நீ எடுத்துக்க, இனி எனக்கு ஏலா' எண்டு சொல்லித் தந்தாரு. 'கடைசியில கோவிக்கப்படா, அவள் கடைசியில கோவிக்க மாட்டாள்' எண்டு பத்துத் தரம் சொல்லியிருப்பாரு."

சுபைறா நிலத்திலிருந்த சட்டியைக் காட்டினாள். "ஒருக்காக் கூப்பிடுங்க."

"ஆரையும் பாக்காமச் செய்யலாம். ஒங்கட முகத்தப் பாத்துக்கிட்டு என்னால ஏலா தாத்தா."

"நான் பாக்கல்ல."

அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். சில்மியா தாயின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மைதானத்தில் வெயில் சாய்ந்து மஞ்சளாகியிருந்தது. கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்களின் மறைப்புச் சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடித்தார்கள். வாசலைத் தாண்டிக் கடற்கரை வீதியில் ஆண்கள் கூட்டங்கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் சட்டியை நிலத்திலிருந்து எடுக்கும் ஓசை கேட்டது.

பிறகு அகப்பை விளிம்பில் பட்டது. ஒன்று. இரண்டு.

வீதியில் கூட்டத்துக்குப் பிந்தித் தனியே போய்க்கொண்டிருந்த யாரோ ஒருவர், நடப்பதை நிறுத்தி, சாரத்தை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார்.