தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர்

கடைக்காரர் மூன்று சார்ஜர்களை மேசைமேல் எடுத்து வைத்தார். படகுக்காரர் எதையும் தொடவில்லை. தொட்டால் வாங்கியாக வேண்டும் என்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"படகு எத்தனை நாள் நிக்கப் போகுது?"

"தெரியாது."

"சுமாரா சொல்லுங்க. ஒரு மாசம், ரெண்டு மாசம்?"

"நிறுத்தி வெச்சவங்களுக்கே தெரியாது. இவரைக் கேட்டா?" என்றாள் கூட வந்திருந்த அவர் மனைவி.

மீன் அருகிவிட்டது என்று அந்த ஊர்க் கடலை மீன்பிடிக்கு மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மறுபடி திறக்கும்போது பாதிப் படகுகளுக்குத்தான் இடம். எந்தப் பாதி என்பதை மீன்வளத் துறை ஒரு சோதனை வைத்து முடிவு செய்யும். மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு படகுக்கும் ஏதோ ஒரு நாள் அதிகாரி வருவார். முந்தின நாள் சாயங்காலம்தான் ஃபோன் வரும். அவர் முன்னால் சாவியைத் திருகியதும் என்ஜின் கிளம்ப வேண்டும். கிளம்பாத படகின் பதிவு எண் ரத்து. இனி புது எண் யாருக்கும் கிடையாது.

ஒரே நல்ல பேட்டரியைப் படகுக்குப் படகு மாற்றி எல்லாரும் தேறிவிடக் கூடாது என்று, போன மாதம் ஆள் அனுப்பி ஒவ்வொரு பேட்டரிக்கும் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்துவிட்டார்கள். கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகவும் வழியில்லை. படகுக்காரர் இப்போது குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை.

"இது பழைய மாடல்," கடைக்காரர் முதல் சார்ஜரைத் தட்டினார். "போட்டா போட்டபடி ஓடும். நிறுத்தத் தெரியாது. பக்கத்துல ஆள் இல்லன்னா ஆசிட் கொதிச்சு வத்திடும்."

"என் தம்பிகிட்ட இதான் இருக்கு," என்றாள் மனைவி. "அவனும் அப்படித்தான். ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது."

"இது சூரிய வெளிச்சத்துல ஓடுறது. தகட்டைத் தார்ப்பாய் மேல கட்டிவிடணும்."

"மழைக்காலத்துல சூரியனுக்கு நான் எங்க போவேன்?" என்றார் படகுக்காரர்.

கடைக்காரர் அதை ஓரமாகத் தள்ளினார். மூன்றாவதைக் கையில் எடுத்தார். அதை மட்டும் துணியால் துடைத்தார்.

"இது புத்திசாலி. நிறைஞ்சதும் தானே நிறுத்திக்கும். குறைஞ்சா தானே ஆரம்பிச்சுக்கும். மாசக்கணக்குல விட்டுடலாம். நிக்கிற படகுல கரண்டு குடிக்கிற சாமான் ஏதாவது இருக்கா?"

"அடியில ஒரு பம்ப். தண்ணி சேந்தா தானா ஓடும்."

"கழட்டி விட்டுடுங்களேன்."

"கழட்டினா மழைத்தண்ணி என்ஜின்ல ஏறும்."

"அப்ப சார்ஜர் எந்நேரமும் உயிரோட இருக்கணும். படகு நிக்கிற யார்டுல கரண்டு போய்ப் போய் வருமா?"

"போகாது. ஐஸ் ஃபேக்டரியோட லைன்."

அவர் சொன்னது உண்மை. அந்த லைனில் மின்சாரம் போய் அவர் பார்த்ததே இல்லை.

கடைக்காரர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. புத்திசாலியைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினனும் அவருமாகப் போய் அதை மாட்டினார்கள். பட்டனை அமுக்கியதும் பச்சை விளக்கு எரிந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இருபத்தாறு முடிச்சு. வாரா வாரம் அவிழ்த்துக் கட்டுவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே கீழே நின்று பார்த்தால் விளக்கு தெரிகிற மாதிரி ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஓர் இடுக்கு விட்டார்கள்.

"நான் இருக்கேன்ல தம்பி. கவலைய விடுங்க," என்றார் யார்டின் காவலாளி. படகுக்காரரைவிடப் பத்து வயது மூத்தவர். வெயிலானாலும் மழையானாலும் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறப்பார். மாலை ஆறு மணிக்குப் பூட்டுவார்.

மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் படகுக்காரர் குடையோடு போனார். படகைச் சுற்றி வந்தார். இடுக்குக்கு நேராக நின்று அண்ணாந்தார். பச்சை எரிந்தது. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகப் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் கொட்டியது. திரும்பி வந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

"விளக்கைப் பாத்துட்டு வந்தாச்சா?" என்பாள் மனைவி. "பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இவ்வளவு நேரம் பாக்கல."

"உன்னைப் பாக்க விட்டாங்களா? உங்க அப்பா மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு."

இப்படி ஒன்பது வாரம் போனது. அதற்குள் யார்டில் ஏழு படகுகள் சோதனையில் தோற்றன. ஒன்றில் என்ஜின் இறுகிப்போயிருந்தது. ஒன்றில் எலி ஒயரைக் கடித்திருந்தது. படகுக்காரர் ஒவ்வொருவருக்காகவும் வருத்தப்பட்டார். வருத்தத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிடங்கில் இருக்கும்போது ஃபோன் வந்தது. நாளை பத்து மணி.

புதன் காலை ஏழு மணிக்குக் கதவு திறந்தபோது படகுக்காரரும் மனைவியும் மச்சினனும் வாசலில் நின்றார்கள். பச்சை எரிந்துகொண்டிருந்தது. முடிச்சுகளைக் கத்தியால் அறுத்துத் தார்ப்பாயை உருவிப் போட்டார்கள். படகுக்காரர் ஏறிப் போய்ச் சாவியைத் திருகினார்.

டக் என்றது. அவ்வளவுதான்.

மறுபடி திருகினார். இந்த முறை டக்கும் இல்லை.

மச்சினன் சார்ஜர்மேல் குனிந்தான். அதில் இரண்டு பச்சை விளக்குகள் இருந்தன, ஒரு நெல் அளவு இடைவெளியில். ஒன்று மின்சாரம் இருக்கிறது என்பதற்கு. இன்னொன்று பேட்டரிக்குப் போகிறது என்பதற்கு. முதலாவது மட்டும்தான் எரிந்தது. கீழே நின்று இடுக்கு வழியாகப் பார்க்கிறவருக்கு எது எரிந்தாலும் ஒன்றுதான்.

மச்சினன் பெட்டியிலிருந்த சின்னப் புத்தகத்தைப் புரட்டினான். பொடி எழுத்து. கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தான்.

"கரண்டு போயிட்டு வந்தா பட்டனைத் திரும்ப அமுக்கணுமாம் மச்சான். அதுவரைக்கும் சும்மா இருக்குமாம்."

"கரண்டு எங்கடா போச்சு? இங்க போனதே இல்லையே."

"போகல தம்பி," என்றார் காவலாளி. "நான்தான் ஆறு மணிக்கு மெயினை அணைப்பேன். இத்தனை பேர் சாமான் கெடக்கு, தீ கீ புடிச்சிடக் கூடாது பாருங்க. காலைல வந்ததும் மொத வேலையா போட்டுடுவேன். ஒரு நாள் தவறினதில்ல."

மாட்டிய அன்று மாலை ஆறு மணிக்கே சார்ஜர் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது. மழை முழுவதையும் பம்ப் தனியாக, பேட்டரியைக் குடித்தே இறைத்திருந்தது.

மச்சினன் பட்டனை அமுக்கினான். சிவப்பு எரிந்தது. புத்தகத்தைப் பார்த்தான்.

"பேட்டரியே மாட்டலன்னு சொல்லுது."

"பின்ன இது என்னவாம்?" என்றாள் அக்கா.

"அதுக்குத் தெரியிற அளவுக்கு இதுல கரண்டே இல்லக்கா."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான். எட்டு மணிக்குத் தன் பழைய சார்ஜரோடு திரும்பி வந்தான். அது எதையும் விசாரிக்கவில்லை. மாட்டியதும் உறுமிக்கொண்டு ஓடியது. ஒன்பது மணிக்குப் பேட்டரி சுட்டது. ஒன்பதரைக்கு உள்ளே குமிழி விடும் சத்தம் கேட்டது. படகுக்காரர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறுதா?" என்றாள் மனைவி.

"ஏறுது."

"நெசமாவா?"

அவர் பேட்டரியைத் தொட்டுப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார்.

அதிகாரி பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் வந்தார். நடுத்தர வயது. முழங்கால்வரை சேறு. முத்திரையைத் தடவிப் பார்த்தார். கொதிக்கும் பேட்டரியையும் பழைய சார்ஜரையும் பார்த்தார்.

"நான் ஒரு டீ குடிச்சுட்டு வரேன்," என்றார். "அரை மணி நேரம் ஆகும்."

முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

"மூணு தடவை திருகலாம். சார்ஜரைக் கழட்டிடுங்க."

முதல் முறை என்ஜின் அரைச் சுற்று சுற்றியது. மச்சினன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது முறை கால் சுற்று. மூன்றாவதற்கு முன் படகுக்காரர் சாவியிலிருந்து கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டார். அதிகாரி அவசரப்படுத்தவில்லை.

டக்.

காவலாளி மெயின் சுவிட்ச் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிகாரி ஒரு தாளில் எழுதி நீட்டினார். படகுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

"நம்பரை அழிச்சு நான் ஃபோட்டோ எடுக்கணும். ரெண்டு பக்கமும். நீங்க செய்யறீங்களா, ஆள் அனுப்பட்டுமா?"

"நானே செய்யறேன்."

ஏணியை முன்பக்கம் சாத்தி, சுரண்டியோடு ஏறினார். கறுப்பு எழுத்து பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. அடியில் வெள்ளை. வெள்ளையைச் சுரண்டினால் அதற்கு அடியில் மறுபடி கறுப்பு. அதே எண். ஒவ்வொரு வருடமும் கடலில் இறக்குவதற்கு முன் வெள்ளையடித்து, அதே இடத்தில் அவரே எழுதியது.

"எத்தனை கோட்டு பெயிண்ட் மச்சான்?"

"பதினாலு."

"எல்லாத்தையும் எடுக்க வேண்டாம்," என்றார் அதிகாரி கீழேயிருந்து. "படிக்க முடியாம இருந்தா போதும்."

படகுக்காரர் இன்னும் அழுத்திச் சுரண்டினார். எண் கொஞ்சம் சிறிதாக, கொஞ்சம் கோணலாக, திரும்பத் திரும்ப வந்தது.

மனைவி காவலாளியின் அறைக் கதவைத் தட்டி இன்னொரு சுரண்டி வாங்கி வந்தாள். மச்சினனை நகரச் சொல்லிவிட்டு, காலிப் பெட்டி ஒன்றைப் போட்டு ஏறி, படகின் மறுபக்கத்தில் நின்றாள். அங்கிருந்து அவருடைய முகம் தெரியவில்லை.

"எதுலேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள்.

"எதுலேர்ந்து வேணா."