காற்றை எண்ணிய வெள்ளிக்கிழமை

மனித குலம் இதுவரை துணியாத மகத்தான காரியம் ஒன்று, திருமயத்துக்கு அருகே, வெள்ளிக்கிழமை மாலை, கேசரி பரிமாறப்பட்டபின் நடந்தேறும் என்று 1937இல் ஒரு நோட்டீஸ் உலகுக்கு அறிவித்தது. காற்றின் மூலக்கூறுகள் பொதுமக்கள் முன்னிலையில் எண்ணப்படும். பெண்களுக்குத் தனி இடம் உண்டு.

நோட்டீஸை எழுதியவர் ஆத்மநாதன், பி.ஏ. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தற்காலிக விஞ்ஞான வாத்தியார். 'தற்காலிக' மட்டும் நோட்டீஸில் அச்சாகவில்லை. பள்ளியைக் கட்டிய முருகப்பனின் மனசு குளிர்ந்தால் அந்த வார்த்தை ஒழியும். குளிராவிட்டால் சித்திரையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே விஞ்ஞானம் கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது.

மேடையில் ஆத்மநாதன் அம்மோனியாக் குப்பியை, சாமிக்குத் தீபம் காட்டுவதுபோல் மூன்று பக்கமும் காட்டினார்.

"மகாஜனங்களே! இதைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துகள்கள் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பாயும். ஆனால் நேரே உங்கள் மூக்குக்கு வந்துவிட முடியாது. காற்றின் மூலக்கூறுகள் குறுக்கே நின்று இடிக்கும். தேர்க்கூட்டத்தில் புகுந்தவன்போல முட்டி மோதித்தான் வரும். முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் எவ்வளவு தாமதமென்று தெரிந்தால், இடித்தவை எத்தனை என்று சொல்லிவிடுவேன்! நெடி எட்டியவர் உடனே கை தூக்க வேண்டும்."

குப்பியைத் திறந்துவிட்டுக் கடிகாரத்தைப் பிடித்தார்.

முருகப்பனுக்கு அடுத்த நாற்காலியில் இருந்த ரைஸ்மில் நாகராசுக்குக் கண் கலங்கியது. இரண்டாம் வரிசை துண்டால் மூக்கைப் பொத்தியது. மூன்றாம் வரிசை இருமியது. பெண்கள் பக்கம் குழந்தைகள் வீரிட்டன. ஒரு கைகூட உயரவில்லை.

"யாருக்குமே நெடி வரலையா?" என்றார் ஆத்மநாதன், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

நாகராசு மூக்கைச் சிந்தினார். "நீங்க நடத்துங்க சார். அண்ணனுக்கு வந்தாத்தான எங்களுக்கு வரும்?"

அண்ணன் முருகப்பன் சுகமாக வீற்றிருந்தார். பொடி போட்டுப் போட்டுப் பதமான மூக்கு. அம்மோனியா உள்ளே போய்ச் சலாம் வைத்துவிட்டுத் திரும்பியது. பந்தியில் அவர் கை இலையில் படாமல் அந்த ஊரில் யாரும் வடையைத் தொட்டதில்லை. நாற்றத்துக்கு மட்டும் வேறு சட்டமா?

ஆத்மநாதன் மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார். "ஐயா, தங்களுக்கு ஏதாச்சும்..." என்று இழுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு, மேல பண்ணுங்க தம்பி," என்ற முருகப்பன், வெற்றிலைச் செல்லம் கொண்டுவரச் சொல்லி வேலையாளைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

மண்டபம் முழுக்கக் கைகள் ஒரே சமயத்தில் எழுந்தன. முன்வரிசை, கடைசி வரிசை, வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவன் எல்லாரும். விசுவாசிகள் சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

ஆத்மநாதன் கரும்பலகையில் கணக்குப் போட்டார். தாமதம் பூஜ்யம். தாமதம் இல்லையென்றால் இடி இல்லை. இடி இல்லையென்றால் இடிக்க அங்கே எதுவுமே இல்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே விடை. ஊரே பார்த்துவிட்டது, இனி மறைக்கவும் வழியில்லை.

"எத்தனை வந்துச்சு தம்பி?"

"பூஜ்யமுங்க." வேலையைத் தலைமுழுகிவிட்ட குரல். "கணக்குப்படி... இந்த மண்டபத்துல காத்தே இல்லைங்க."

முருகப்பன் விசிறியை மடியில் போட்டார். "அப்படிச் சொல்லுங்க! வந்ததுலேருந்து நானும் பாக்குறேன், ஒரே புழுக்கம். படிச்ச பிள்ளை கண்டுபிடிச்சிருச்சே!"

"வேத்து ஊத்துதுண்ணே," என்றார் நாகராசு. உடனே மண்டபம் முழுவதும் வேர்த்தது.

திங்கட்கிழமை ஆத்மநாதனுக்கு வேலை நிரந்தரமாயிற்று.